முட்டைக்குள் ஒரு கடிகாரம்

திருகோணமலைக் கப்பல்துறைக்கு அயலிலுள்ளது தம்பலகாமக் குடா. இலங்கையிற் பிறந்த மருத்துவராகிய ஈ. எவ். கெலார்ட், 1850களின் பிற்பகுதியில் திருகோணமலையிலிருந்து முத்துச்சிப்பியின் இயற்கை வரலாற்றை ஆராய்ந்தார். முத்துக்குளிப்பின் வருவாய் குன்றியதன் காரணத்தை அறிவதே அரசாங்கத்தின் நோக்கம். முட்டையும் குஞ்சும் அங்கே வருவாயின் கணக்கிலேயே இடம்பெற்றன. 1860 இல் இங்கிலாந்து செல்லும் வழியில் கெலார்ட் கடலிலேயே உயிர்நீத்தார்.

முட்டையின் உள்ளே நிகழ்வது யாது என்னும் வினாவோ மத்தியதரைக் கடலோரத்தில் எழுந்தது. 1875 இல் ஒஸ்கார் ஹேர்ற்விக், கடல் முள்ளெலியின் முட்டைக் கருவோடு விந்தின் கரு இணைவதைக் கண்டார். கண்ணாடி போன்ற அம்முட்டை அவருக்குக் கைகொடுத்தது. (அவருடைய ஆசானாகிய ஹெக்கல் 1881-82 இல் இலங்கைக்கு வந்து வெலிகாமத்திலே தங்கினார்.) நேப்பிள்சில் 1872 இல் அன்ரன் டோர்ன் தொடங்கியது போன்றதோர் ஆய்வுநிலையம் திருகோணமலையில் எழவில்லை. அதன் ஆழம் போர்க்கப்பல்களுக்கே பயன்பட்டது. 1957 வரை அது பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்தது. கடலின் வளம் மட்டும் அறிவை விளைவிப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஹேர்ற்விக் கண்ட இணைவின் பின்னர் டி.என்.ஏ. எவ்வாறு இரட்டிக்கிறது என்பதே இருபதாம் நூற்றாண்டின் வினாவாயிற்று. கடல் முள்ளெலியின் முட்டை ஒடுக்கற்பிரிவை முடித்தபின் உறங்கிக் கிடக்கும். விந்து தொட்டதும் கல்சியம் பெருகும், முட்டையின் அமிலத்தன்மை குறையும், இரட்டிப்புத் தொடங்கும். மனித உடற்கலம் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் முடிக்கும் இவ்வேலையை இளம் முளையம் ஏறத்தாழக் கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. ஒரு பிரிவு முற்றுப்பெறுமுன்னரே அடுத்த இரட்டிப்புத் தொடங்குவதும் உண்டு.

இவ்விரைவுக்குக் காரணம் தாயின் சேமிப்பேயாகும். புதிய புரத ஆக்கத்தைத் தடுத்தாலும் முதலாம் இரட்டிப்பு நடைபெறும். ஆனால் கலம் பிரியாது. 1978 இல் இக்கேகாமியும் உடனாய்வாளரும் ஒரு பங்கசிலிருந்து பெறப்படும் அபிடிக்கோலின் என்னும் பொருளைக் கொண்டு டி.என்.ஏ. ஆக்கும் நொதியத்தைத் தடுத்தபோது முளையத்தின் பிரிவும் நின்றது. பிரிவுக்கு வேண்டிய புரதத்தை 1982 இல் வூட்ஸ் ஹோலில் ரிம் ஹன்ற் கடல் முள்ளெலி முட்டையிலேயே கண்டார். ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்து, பின் திடீரென அழியும் அப்புரதம் சைக்கிளின் எனப் பெயர் பெற்றது. 2001 இல் நோபெல் பரிசையும் அவருக்கு ஈட்டித் தந்தது.

ஒரு சுற்றில் டி.என்.ஏ. இருமுறை இரட்டிக்காதிருப்பதேன்? 1988 இல் புளோவும் லாஸ்கியும் தவளை முட்டையைக் கொண்டு இதற்கு விடை கூறினர். இரட்டிப்புக்கு ஓர் ‘அனுமதி’ வேண்டும். அது ஒருமுறை பயன்பட்டதும் தீர்ந்துவிடும். கருவின் மென்சவ்வு பிரிவின்போது குலைந்தாலன்றிப் புதுப்பிக்கப்படாது. கடல் முள்ளெலியின் முளையத்தில் பதினாறாவது கல நிலையிலிருந்து சிறுகலங்கள் ஏனையவற்றினின்றும் பிந்திப் பிரியத் தொடங்குகின்றன. ஒரே கடிகாரத்தின் ஓட்டம் அங்கிருந்து பலவாகிறது.