கல்லைத் தேர்தல்

திருப்பத்தூரில் ஒரு அச்சுக் கடை. அப்பாவின் 'கண்ணீர் அஞ்சலி' பேனருக்காகப் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கணிப்பொறி முன் இருந்த பையன் படத்தைக் கையில் வாங்குமுன்பே கேட்டான்: "எத்தன நாளு தாங்கணும் சார்? காரியம் வரைக்கும்னா சாதாவே போதும்."

சட்டென்று பதில் வரவில்லை. இறந்தவர் எத்தனை நாள் நிற்க வேண்டும் என்பதை அவர் மகனிடம் இவ்வளவு நேராக யாரும் கேட்டு நான் அறிந்ததில்லை. ஆனால் கேள்வி பழையது. தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் ஆறு துறைகளில் முதலாவது 'காட்சி'. வீரனுக்கான கல்லைத் தேடிக் காண்பது அது. பெயர் பொறிப்பதும் நீராட்டுவதும் வாழ்த்துவதும் அப்புறம். முதலில் எந்தக் கல் என்று தீர்மானமாக வேண்டும். கடைப் பையன் காட்சியில்தான் நின்றுகொண்டிருந்தான், அவனுக்குத் தெரியாமலே.

ஜவ்வாது மலையின் தெற்கே இறங்கினால் செங்கம். அந்த வட்டாரத்துக் கல்வெட்டுகளை இரா. நாகசாமி தொகுத்து, தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று வெளியிட்டது. பெரும்பாலும் ஆநிரைப் பூசலில் பட்டவர்கள். அரசன் பெயர், ஆட்சி ஆண்டு, ஊர், செத்த விதம், அவ்வளவே வாசகம். உணர்ச்சிச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. அதில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கோவிவன் என்று பெயர் சொல்லி, இரண்டு கள்வரைக் கடித்ததையும் எழுதியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷமாக ஒரு நாயின் பெயர் நிலைத்திருக்கிறதென்றால் அதில் பாதிப் புண்ணியம் கருங்கல்லுக்குச் சேர வேண்டும். கல்லுக்கென்று நிறம் கிடையாது. மயிற்பீலியும் மாலையும் பிறகு சூட்டியவை; வாடினால் மாற்றிக்கொள்ளலாம். நிறத்தையும் தளத்தையும் இப்படிப் பிரித்து வைத்தது தற்செயலாகக்கூட இருக்கலாம். எனக்கு அது விவேகமாகப் படுகிறது.

நிறத்தையே நம்பி நின்றது சினிமா பேனர். 1948இல் 'சந்திரலேகா'வுக்கு வாசன் செய்த விளம்பரத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. கட்டம் போட்டுப் படத்தைப் பெருக்கி, துணியில் எண்ணெய் வண்ணம் தீட்டிய அந்தக் கலை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டிஜிட்டல் அச்சு பரவிய சில வருஷங்களுக்குள் ஓய்ந்துபோனது. அதற்கு ஒப்பாரி வைக்கும் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை, இன்னொன்று வேண்டாம். ஒன்றை மட்டும் குறிக்கலாம். கதாநாயகன் முகத்துக்கு ரோஜா நிறம் பூசிய ஓவியன் அதைத் தெரிந்தே செய்தான். பொய்தான், ஆனால் அவனுடைய பொய். நிழலுக்கு நீலத்தையோ பச்சையையோ எங்கே இடுவது என்று சாரத்தின் மேல் நின்று அவன் கண் தீர்மானித்தது.

இயந்திரத்தின் பொய்க்கு ஆசிரியன் இல்லை. திரையில் தெரியும் நிறம் ஒளியால் ஆனது: சிவப்பு, பச்சை, நீலம். அச்சில் விழுவது மை: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. ஒன்றை மற்றொன்றாக்க மொழிபெயர்ப்பு வேண்டும். எந்த இயந்திரம், எந்த மை, எந்தத் தளம் என்று அளந்து எழுதிய அகராதி ஒன்று அதற்கு உண்டு; 'புரொஃபைல்' என்கிறார்கள். இதற்குப் பொது விதி வகுக்க 1993இல் ஒரு சர்வதேச அமைப்பே ஏற்பட்டது. நமது சிறுநகரக் கடைகளில் அகராதியை யார் புரட்டுகிறார்கள்? வெள்ளை மை கிடையாது. தளத்தின் வெண்மைதான் வெள்ளை. பாலியெஸ்டர் நூல்வலையின் இருபுறமும் பி.வி.சி. பூசிய தாள் மெலிந்தால் அந்த வெண்மையும் சோகை பிடித்துவிடும். கறுத்த மேனிக்கு மை நிறைய வேண்டும். மலிவான தாளில் அவ்வளவு மை விழுந்தால் காயாமல் ஈஷிக்கொள்ளும். எனவே மையைக் குறைக்கிறார்கள். குறைத்தால் முகம் வெளுக்கிறது. வெளுத்தால் வாடிக்கையாளருக்குச் சந்தோஷம். தொழில்நுட்பத்தின் சிக்கனமும் நம் நிற மோகமும் இவ்வளவு சௌகரியமாகக் கைகோத்துக்கொண்ட இடம் வேறில்லை.

"அப்பா இவ்ளோ செவப்பு இல்லப்பா" என்றேன்.

"அடிச்சா டல்லாயிடும் சார். இப்பவே கொஞ்சம் ஏத்தி வெச்சாத்தான் நிக்கும்."

சாதாத் தாளிலேயே அடிக்கச் சொன்னேன். காசை நினைத்துத்தான்.

அப்பா மலையில் முப்பது வருஷம் வாத்தியார். பேனரை ஜமுனாமரத்தூர்ப் பக்கம் அவர் கடைசியாக வேலை பார்த்த ஊரில் கட்டினோம். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு இளம்பெண் இறந்தது நினைவில் இருந்ததால், பாதையை விட்டுத் தள்ளி, பலா மரத்தடியில், தாழ்வாக.

ஏழு மாதம் கழித்துப் போனேன். மரத்தடியில் மூங்கில்கள் மட்டும் இருந்தன. பேனர் ஒரு வீட்டு முற்றத்தில் சாமை மூட்டைகள் மேல் கிடந்தது. வெயிலில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் போய்விடும். தங்குவது நீலம். 1928இல் ஸ்காட்லாந்தின் சாயத் தொழிற்சாலை ஒன்றில் பாத்திரத்தின் எனாமல் விரிசல் கண்டு, இரும்பு கலந்து, தற்செயலாய்ப் புலப்பட்ட சேர்மக் குடும்பம் அது. இரும்புக்குப் பதில் செம்பைச் சேர்த்த நீலம் 1935இல் கடைக்கு வந்தது. இன்றைய சயான் மையின் உயிர் அதுதான், லேசில் சாகாது. ஏற்றி வைத்த சிவப்பெல்லாம் வடிந்து அப்பா நீலமாக இருந்தார், கிருஷ்ணன் மாதிரி. கரியால் ஆன கறுப்பு அப்படியே இருந்தது. பெயர், தோற்றம், மறைவு. ஏறக்குறைய செங்கத்துக் கல்லின் வாசகம்.

வீட்டுக்காரப் பாட்டி என்னை அடையாளம் கண்டு சங்கடப்பட்டாள். "வாத்தியார மண்ணுல போடல சாமி. மழைக்கு மேலதான் போட்டேன். ஒரு சொட்டு எறங்கல."

ஒரு மூலையில் தாள் மொரமொரப்பாகி விரிசல் விட ஆரம்பித்திருந்தது. அடுத்த மழைக்குத் தாங்காது என்று அவளிடம் சொன்னேன். தெரியும் என்றாள், கோடை விழா முடிந்ததும் ரோட்டோரம் பெரிய பேனர்களாகக் கிடைக்குமாம், கெட்டித் தாள்.