இன்றியமையாததும் இரண்டாம் நிலையதும்: தஞ்சைக் கிறித்தவ வரலாற்றில் ஒரு கோட்பாட்டுச் சிக்கல்

கிறித்தவ நம்பிக்கையில் இன்றியமையாதவை எவை, வேறுபட்டாலும் ஒற்றுமை குலையாத இரண்டாம் நிலையவை எவை எனும் வினா மிகப் பழையது. நற்செய்திப் போதனையிலும் திருவருட்சாதனங்களிலும் உடன்பாடு இருந்தால் போதும். மனிதர் வகுத்த சடங்குகள் எங்கும் ஒன்றுபோல் அமைய வேண்டியதில்லை என்று 1530ஆம் ஆண்டின் ஆக்சுபர்க் அறிக்கை வரையறுத்தது. தமிழ் மண்ணில் இவ்வினா ஏட்டளவில் நிற்கவில்லை. ஆலயத்தில் யார் எங்கே அமர்வது, யார் முதலில் திருவிருந்து பெறுவது எனும் வாழ்வியற் சிக்கலாக அது உருவெடுத்தது.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி, பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை சமூக வழக்கங்களே என வாதிட்டார். 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவற்றுக்கு நிபந்தனைகளுடன் இசைவளித்தார். அடையாளங்கள் இரண்டாம் நிலையவை எனக் கொள்ளப்பட்டபோது, அவற்றின் பின்னிருந்த சாதிப் பிரிவும் அவ்வாறே கொள்ளப்பட்டது. 1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் பணியும் ஆலயத்தில் தனித்தனி இருக்கைகளுக்கு இடமளித்தே வளர்ந்தது.

இச்சிக்கல் தஞ்சாவூரில் முற்றியது. சுவார்ட்சு ஐயரிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), 1820களின் இறுதியில் புதிய மிஷனரிமார் மீது நான்கு குறைகளை முன்வைத்தார். வழக்கிலிருந்த வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுதல், திருவிருந்தில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக்குதல், விழாக்களில் மலர்களை விலக்குதல், வழிபாட்டில் தமிழிசையைத் தடுத்தல் என்பன அவை. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் திருச்சபையில் சாதி வேற்றுமையை உடனே, முற்றிலுமாகக் கைவிட வேண்டுமென ஆணையிட்டார். பலர் சபையைவிட்டு விலகினர். பின்னர் லைப்சிக் லுத்தரன் சங்கத்தின் இயக்குநர் கார்ல் கிரவுல், சாதியைச் சமூக ஒழுங்காகக் கருதி, அதனைப் படிப்படியாகவே கரைய விடலாம் என்ற நிலைப்பாட்டை மேற்கொண்டார்.

இவ்விரு தரப்பையும் நாம் ஒருசேர நோக்குதல் வேண்டும். மலரும் இசையும் சாதியும் ஒரே மரபின் கூறுகள் எனச் சாஸ்திரியார் அனைத்தையும் காக்க முற்பட்டார். அவற்றையெல்லாம் புறச்சமயத்தின் எச்சங்களாகக் கண்டு மிஷனரிமார் விலக்க முற்பட்டனர். பிரித்தறிய வேண்டியவற்றை இரு தரப்பினருமே பிரித்தறியவில்லை என்பதே எம் கருத்து.

பிரித்தறிவதற்குரிய அளவுகோல் புதிய ஏற்பாட்டிலேயே உள்ளது. எந்த உணவை உண்பது என்பதைப் பவுல் உரோமையருக்கு எழுதிய மடலில் அவரவர் மனச்சான்றுக்கு விட்டார். ஆனால் அந்தியோக்கியாவில் புறவினத்தாருடன் உண்ணாமல் பேதுரு விலகியபோது, அதனை நற்செய்தியின் உண்மையோடு தொடர்புடைய பிழையாகக் கண்டித்தார். உணவு இரண்டாம் நிலையது; பந்தியில் மனிதரைப் பிரிப்பது அவ்வாறன்று. இவ்வளவுகோலின்படி மலரும் இசையும் சாஸ்திரியார் பக்கம் நிற்கின்றன. திருவிருந்து வரிசை வில்சன் பக்கம் நிற்கிறது. ஒரு வழக்கம் தன்னளவில் சிறிதா பெரிதா என்பதன்று கேள்வி. அதனால் புறத்தே நிறுத்தப்படுபவர் யார் என்பதே கேள்வி. தனி இருக்கையைச் சிறு வழக்கம் என்று மதிப்பிட்டவர்கள் பெரும்பாலும் முன்வரிசையில் இருந்தவர்களே என்பதையும் மறத்தலாகாது.

இவ்வரலாறு மலேசியத் தமிழருக்கு அயலானதன்று. கிள்ளான் பள்ளத்தாக்கில், குறிப்பாகப் பிரிக்பீல்ட்சில், லுத்தரன், மெதடிஸ்ட், கத்தோலிக்கர் எனத் தமிழ்ச் சபையினர் அருகருகே வழிபடுகின்றனர். அன்று தடுக்கப்பட்ட தமிழிசையே இன்று தமிழ்த் திருச்சபைகளில் பொதுச் சொத்தாகியுள்ளது. சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் சபை வேறுபாடின்றிப் பாடப்படுகின்றன. 'பெத்லகேம் குறவஞ்சி'யைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அப்புலவரின் இசைப்பற்றோடு அவருடைய சாதிச் சார்பையும் மறைக்காமல் மாணவர் முன் வைத்தல் வேண்டும். ஒன்றைப் போற்றி மற்றொன்றை மறுக்கப் பழகுவதே பிரித்தறியும் பயிற்சியாகும்.