ஆழத்தை வாசிப்பவர் யார்?

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழமே அதன் பெருமை. அதுவே அதன் துயரமும். போர்த்துக்கீசர் முதல் ஆங்கிலேயர்வரை அதற்காகவே போரிட்டனர். 1957இல் ஆங்கிலக் கடற்படை வெளியேறிற்று. சீனன்குடாவில் அது கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் எஞ்சின.

பின்னர், கடலடியிலேயே எண்ணெய் உண்டோ என்ற வினா எழுந்தது. 2016இல் பிரான்சின் டோட்டல் நிறுவனம் கிழக்குக் கடலை ஆராய நம் அரசோடு ஒப்பந்தம் செய்தது.

கடலடியை அறியும் முறை எளிது: கப்பலிலிருந்து ஒலியலை எழுப்புவர், பாறை அடுக்குகளில் பட்டு மீளும் எதிரொலியைக் கணினி படமாக்கும். ஆனால் படம் தானே பேசாது. அதனைத் திருப்பியும் குறுக்கே வெட்டியும் நோக்கி, இது மடிப்பு, இது பிளவு என்று தீர்ப்பவன் மனிதனே. அத்தீர்ப்பை வைத்தே பேரம் நடக்கிறது.

அன்று நம் துறைமுகத்தின் விலையைப் பிறரே மதித்தனர். நம் மாணவர் இப்படங்களை வாசிக்கக் கற்காவிடில், நாளை நம் கடலடியின் விலையையும் பிறர் சொல்லியே நாம் அறிவோம்.