மூன்று ஆண்டுகளும் ஒரு சாளரமும்: பிரின்ஸ்டன் விதர்ஸ்பூன் தெருச் சபையின் தோற்றம்

பிரின்ஸ்டனின் விதர்ஸ்பூன் தெருப் பிரஸ்பிட்டேரியன் சபையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பால் ரோப்சனிடமிருந்தே தொடங்குகின்றனர். பாடகரும் நடிகருமான ரோப்சன் 1898இல் அதே தெருவில், அச்சபைப் போதகரின் கடைசி மகனாகப் பிறந்தவர். 1958இல் வெளிவந்த ‘ஹியர் ஐ ஸ்டாண்ட்’ நூலில் அவர் தரும் சித்திரம் இது: நியூ ஜெர்சி வடமாநிலமே ஆயினும் பிரின்ஸ்டன் மனத்தளவில் தெற்கத்தி ஊர், கறுப்பின மக்கள் கல்லூரியையும் செல்வர் வீடுகளையும் அண்டிப் பிழைத்தனர், போதகராகிய தந்தை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே பாலமாக நின்றார்.

ஊரைப் பற்றிய கூற்றை மறுப்பதற்கில்லை. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் 1828இல் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான தியோடர் ரைட், 1836 செப்டம்பரில் பழைய மாணவராக ஊருக்கு வந்தபோது ஒரு மாணவனால் தாக்கப்பட்டார். அந்தப் ‘பாலம்’ என்ற உருவகத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. பாலத்தின் ஒரு கரையில் இருப்போர் தமக்கென எதையும் கட்டிக்கொள்ளாதவர்கள் என்ற எண்ணத்தை அது தருகிறது. ரோப்சன் நினைவிலிருந்து எழுதினார். அந்த நினைவும் ஒன்பது வயதுக்குள் ஊரைவிட்டுப் போன சிறுவனுடையது. சபையின் முதல் தலைமுறை அவர் பிறப்பதற்கு முன்பே பெரும்பாலும் மறைந்துவிட்டது.

நிகழ்ச்சிகள் பலரும் அறிந்தவை. 1835 ஜூலையில் கொண்டாட்ட வாணம் ஒன்று கூரைமேல் விழுந்து முதல் பிரஸ்பிட்டேரியன் ஆலயம் எரிந்தது. புதிய ஆலயம் எழும்பிய 1836இல், கறுப்பின அங்கத்தினர் தனியாக வழிபடுவதே நலம் என்று வெள்ளை அங்கத்தினர் கருதினர். 1840இல் விதர்ஸ்பூன் தெருவில் தனி ஆலயம் எழுந்தது. 1846இல் 131 கறுப்பின அங்கத்தினருள் 90 பேர் முறைப்படி விடுவிக்கப்பட்டுத் தனிச்சபை ஆயினர். சபையின் தொடக்கமாக 1836, 1840, 1846 ஆகிய மூன்று ஆண்டுகளும் மாறிமாறிக் குறிக்கப்படுகின்றன. எழுதியவரின் கவனக்குறைவு என்று இதைத் தள்ள நான் தயங்குகிறேன். வெளியேற்றம், கட்டடம், சட்டநிலை ஆகிய மூன்றும் மூன்று வேறு ஆண்டுகளில் நிகழ்ந்தன. எதைத் தொடக்கம் என்கிறோம் என்பது எந்தக் கதையைச் சொல்ல வருகிறோம் என்பதைப் பொறுத்தது.

1836க்கும் 1846க்கும் இடைப்பட்ட பத்தாண்டு விந்தையானது. மக்கள் ஓரிடத்தில் கூடினர். அங்கத்தினர் பேரேடு வேறோர் ஆலயத்தில் இருந்தது. பிரஸ்பிட்டேரியன் ஒழுங்கில் ‘விடுவித்தல்’ தண்டனை அன்று. நற்சான்றோடு வேறொரு சபைக்கு அனுப்பிவைத்தல். அப்படியானால் எஞ்சிய 41 பேர்? துரத்தப்பட்டார்கள் என்று மட்டும் சொன்னால் அவர்கள் பழைய பேரேட்டில் தங்கியதற்கு விளக்கமில்லை. தாமாக விரும்பிப் பிரிந்தார்கள் என்று மட்டும் சொன்னால் 1836க்கு விளக்கமில்லை. தள்ளப்பட்ட இடத்தைத் தம்முடையதாக்கிக்கொள்ளப் பெரும்பான்மையோர் பத்தாண்டில் முடிவுசெய்தனர், சிலர் செய்யவில்லை என்றே கொள்ளத் தோன்றுகிறது. 1846இல்தான் நியூ ஜெர்சி அடிமைமுறையைப் பெயரளவில் ஒழித்து, எஞ்சிய அடிமைகளை ‘ஆயுட்காலப் பயிற்சித் தொழிலாளர்’ ஆக்கியது. இரண்டையும் முடிச்சுப் போட ஆசை எழும். ஆண்டு ஒன்றாக இருப்பது அதற்குப் போதாது.

அந்தப் பத்தாண்டில் சபையை ஒன்றாகப் பிடித்து வைத்தது எது? என் விடை ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்றில் இருக்கிறது. எலிசபெத் ஸ்டாக்டனின் மாணவர்கள் அளித்தது என்ற பொருள்பட அதில் ஒரு வரி உண்டு. வரலாறு பெட்சி ஸ்டாக்டன் என்ற பெயரில் அறிந்திருப்பவர் இவர்தான். 1798 வாக்கில் அடிமையாகப் பிறந்தார். பிரின்ஸ்டன் கல்லூரித் தலைவர் ஆஷ்பெல் கிரீனின் வீட்டில் வளர்ந்து, அவருடைய நூலகத்தில் படித்து, விடுதலை பெற்றார். 1822இல் மிஷனரிகளோடு ஹவாய்த் தீவுகளுக்குக் கப்பலேறினார். லஹைனாவில் பொதுமக்களுக்குப் பள்ளி நடத்தினார். 1830களில் பிரின்ஸ்டன் திரும்பி, 1865இல் இறக்கும்வரை கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1846இல் பிரிந்தவர்களில் அவரும் ஒருவர்.

அதே ஆலயத்தின் மற்றொரு சாளரம் ரோப்சனின் பாட்டி சப்ராவின் நினைவாக அமைந்தது. வருவோர் கண் முதலில் போவது அதன் மேல்தான். பேரன் புகழ்பெற்றதால் பாட்டியும் புகழ்பெற்றார், ஆசிரியை பின்னுக்குப் போனார். ஆனால் வரலாற்றுச் சான்றாக ஆசிரியையின் சாளரமே கனமானது. அதன் கொடையாளர் ஒரு குடும்பத்தினர் அல்லர். வெள்ளைப் புரவலர் எவரும் அதில் இல்லை. ஒரே வகுப்பறையில் படித்தவர்கள் தம்மை அந்த உறவாலேயே அடையாளப்படுத்திக்கொண்டனர். பேரேடு வேறிடத்தில் இருந்த காலத்திலும் பிள்ளைகளின் வருகைப் பட்டியல் இங்கே இருந்தது. ஒரு கண்ணாடி வரியின் மேல் அதிகம் ஏற்றுகிறேன் என்று எதிர்வாதம் வரலாம். வரி ஒன்றுதான், ஆயினும் கைம்மாறு கருதாமல் பணம் சேர்த்துத் தம் ஆசிரியையின் பெயரைப் பொறித்தவர்களை அண்டிப் பிழைத்தோர் என்ற ஒரே சொல்லில் அடக்க முடியாது.

அதே சபையின் பிற்காலத்தைக் காண 1901க்கு வருவோம். ஏறத்தாழ இருபதாண்டு பணியாற்றிய பால் ரோப்சனின் தந்தை வில்லியம் ட்ரூ ரோப்சன் அந்தக் காலத்தில் போதகர் பதவியை இழந்தார். சபைக்குள் எழுந்த கட்சிப் பிளவே காரணம், நெருங்கிய உறவினர் சிலரும் எதிர்ப்பக்கம் இருந்தனர் என்பது மகன் தரும் விளக்கம். மார்ட்டின் டூபர்மன் எழுதிய பால் ரோப்சன் வாழ்க்கை வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது: சபையார் போதகர் பக்கம் நின்றனர், விலக்க முனைந்தது சபைகளுக்கு மேலமைப்பான, வெள்ளையர் ஆதிக்கமுள்ள பிரஸ்பிட்டரி. அப்போது மகனுக்கு வயது இரண்டோ மூன்றோ. உறவினர் பற்றிய செய்தியை முற்றிலும் ஒதுக்கிவிட எனக்குத் துணிவில்லை. குடும்பத்துக்குள் கேட்ட பேச்சுக்கும் ஓர் அடிப்படை இருந்திருக்கும். ஆனால் மேலதிகாரத்தின் விருப்பத்துக்கு எதிராகத் தம் போதகருக்காகப் பேசிய சபை, 1836இல் கேட்டதற்கிணங்க விலகிப்போனதாகச் சொல்லப்படும் கூட்டத்திலிருந்து வெகுதூரம் வந்திருந்தது. பதவி போனபின் ரோப்சனின் தந்தை ஊரார் வீட்டுச் சாம்பலை வண்டியில் ஏற்றி அகற்றியும், மாணவர்களுக்கு வண்டியோட்டியும் பிழைத்தார். சபை கலைந்துவிடவில்லை, வேறு போதகருடன் அதே தெருவில் தொடர்ந்தது.