நிலம் தாழ்வதை அளந்த கதை

நிலத்தை நாம் அசையாச் சொத்து என்று வழங்குகிறோம். பத்திரத்திலும் நீதிமன்ற ஏட்டிலும் அதற்கு அதுவே பெயர். ஆனால் சுரங்கம் தோண்டப்பட்ட ஊர்களில் அப்பெயர் எப்போதும் பொருந்துவதில்லை. அங்கே நிலம் மெல்லத் தாழ்கிறது. சுவர்களில் விரிசல் காண்கிறது. கிணற்று நீர் கீழிறங்கி விடுகிறது. அத்தாழ்வை அளக்கக் கற்ற வரலாற்றில் தமிழகத்திற்கும், நம்மவர் பலர் குடியேறி வாழும் ஐதராபாத் நகருக்கும் பங்குண்டு.

இந்திய நிலத்தைத் துல்லியமாக அளக்கும் பெரும்பணி 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கிற்று. வில்லியம் லாம்ப்டன் 100 அடி எஃகுச் சங்கிலி கொண்டு, ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். அதனின்று முக்கோணங்கள் தொடர்ந்து விரிந்தன. 1815இல் பீதர் அருகே மற்றோர் அடிக்கோடு அளக்கப்பட்டது. 1818ஆம் ஆண்டின் இறுதியில் ஜார்ஜ் எவரெஸ்ட் ஐதராபாத் வந்து லாம்ப்டனுடன் சேர்ந்தார். குன்றும் கோபுரமும் நின்ற இடத்திலேயே நிற்கும் என்னும் நம்பிக்கையே அவர்தம் அளவைக்கு அடிப்படையாக இருந்தது.

அந்நம்பிக்கையைச் சோதிக்கும் தொழில் பின்னர் நிஜாமின் நாட்டிலேயே தோன்றிற்று. 1871இல் வில்லியம் கிங் என்னும் நிலவியல் அறிஞர் எல்லந்து அருகே நிலக்கரி இருப்பதைக் கண்டறிந்தார். 1886இல் இங்கிலாந்தில் பதிவான ஐதராபாத் தக்காணக் கம்பெனி சுரங்க உரிமை பெற்றது. 1889இல் கரி வெட்டும் வேலை தொடங்கிற்று. 1920இல் சிங்கரேணி நிலக்கரிக் கம்பெனி என்ற பெயர் ஏற்பட்டது. 1945இல் அதன் பெரும்பான்மைப் பங்குகளை நிஜாம் அரசு வாங்கிற்று.

நிலத்தடிச் சுரங்கத்தில் கரியைக் குடைந்தெடுக்கும்போது, கூரையைத் தாங்கத் தூண்களாகக் கரியையே விட்டுவைப்பர். பின்னர் அத்தூண்களையும் எடுத்தால் கூரை சரியும். மேலுள்ள பாறை அடுக்குகள் வளையும். முடிவில் தரை ஒரு பெரிய தட்டுப்போலக் குழியும். இதைத் தடுக்கவே, கோதாவரி மணலை நீரில் கலந்து குழாய் வழியே வெற்றிடங்களில் நிரப்பும் முறை சிங்கரேணியில் கைக்கொள்ளப்பட்டது. அவ்வாறு நிரப்பினும் தாழ்வு அடியோடு நின்றுவிடுவதில்லை, குறைகிறது. ஆகையால் அளவை இன்றியமையாததாகிறது.

நெடுங்காலம் இவ்வளவையைச் செய்தவர்கள் மட்டக் கருவியைச் சுமந்து நடந்த சர்வேயர்களே. தரையில் வரிசையாக முளைகள் நாட்டி, அவற்றின் உயரத்தைத் திரும்பத் திரும்பக் குறித்தனர். முளை இருந்த இடத்தில் விடை கிடைத்தது. இரு முளைகளுக்கு இடையே நிகழ்ந்தது தெரியவில்லை.

அக்குறையை நீக்கியது ராடார். செயற்கைக்கோளிலிருந்து செல்லும் ரேடியோ அலை தரையில் பட்டு மீளுகிறது. சில நாள் கழித்து அதே பாதையில் வந்து மீண்டும் அலையை அனுப்பினால், இடைக்காலத்தில் தரை தாழ்ந்திருப்பின், மீளும் அலையின் ஏற்ற இறக்கம் சற்றே பிந்தும். அந்த வேறுபாட்டிலிருந்து சென்டிமீட்டர் அளவான தாழ்வையும் கணக்கிடலாம். இரவும் மேகமும் இதற்குத் தடையல்ல. 1989இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கலிபோர்னியாவின் பாசன வயல்கள் ஈரத்தால் சிறிதளவு உப்பியதை இம்முறையால் காட்டினர். 1991இல் ஐரோப்பா தன் முதல் ராடார் செயற்கைக்கோளை ஏவிற்று. அதன் தரவு கொண்டு பிரான்சு நாட்டின் கார்தான் நிலக்கரிச் சுரங்கத்தின் மேலிருந்த தரை தாழ்வது 1996இல் வரைபடமாயிற்று.

ஐதராபாத்தில் 1974இல் தேசியத் தொலையுணர்வு முகமை நிறுவப்பட்டது. 2008இல் அது தேசியத் தொலையுணர்வு மையமாயிற்று. நகருக்குத் தெற்கே ஷாத்நகரில் அதன் தரை நிலையம் உள்ளது. 2012இல் இந்தியா ரிசாட்-1 என்னும் ராடார் செயற்கைக்கோளை ஏவிற்று. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அமெரிக்காவுடன் கூட்டாக உருவாக்கிய நிசார் விண்ணேறிற்று. 12 நாட்களுக்கு ஒருமுறை அது ஒரே பாதைக்கு மீள்கிறது. அதன் இரு ராடார்களுள் ஒன்றின் அலைநீளம் 24 சென்டிமீட்டர். குறுகிய அலை இலைகளில் பட்டுக் குழம்பும்; நீண்ட அலை தழையை ஊடுருவித் தரையை எட்டும். காடடர்ந்த கோதாவரிப் பள்ளத்தாக்கிற்கு இது பெரும் பயன் தருவதாகும்.

எனினும் ராடார் எல்லாம் வல்லதன்று. மெல்லத் தாழும் நிலத்தை அது காணும். திடீரென வாய் பிளக்கும் குழியை முன்கூட்டியே அறிவிக்கும் என்று நம்பியிருத்தல் ஆகாது. ஆதலின் தரையில் நாட்டிய முளையும் சர்வேயரின் நடையும் இன்றும் தேவையே.

அளவை மட்டும் மனிதரைக் காப்பதுமில்லை. ஜார்கண்ட் மாநிலத்து ஜாரியாவில் 1916 முதல் நிலத்தடியில் கரி எரிந்து வருகிறது. நிலம் தாழும் இடங்கள் அங்கே அறியப்பட்டவையே. 2009இல் மறுகுடியமர்வுக்கான பெருந்திட்டம் அங்கீகாரம் பெற்றது. ஆயினும் பிழைப்பை விட்டு இடம்பெயர மக்கள் தயங்கினர். கோலார் தங்கவயலில் தலைமுறைகளாக உழைத்த நம் தமிழரும் இத்தகைய அச்சத்தை அறிவர். ஆழத்தில் பாறை வெடித்தபோது மேலிருந்த கட்டடங்களும் அதிர்ந்து சேதமுற்றன. 2001இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. குடும்பங்களோ அங்கேயே வாழ்கின்றன.

வானில் பெற்ற அளவு ஐதராபாத் கணிப்பொறியில் நின்றுவிடின் பயனில்லை. அது சுரங்கத்தின் மேல் குடியிருப்போருக்கு, அவர்தம் மொழியில், சுவர் வெடிக்குமுன் சென்று சேரவேண்டும்; அவர்கள் பெயர்ந்து செல்ல வீடும் வேலையும் அதனோடு சேர்ந்தே வரவேண்டும். சங்கிலி பிடித்து நடந்த காலத்தினின்று நாம் அடைந்த முன்னேற்றத்திற்கு அதுவே உரைகல்லாகும்.