பகிடிக்குக் குத்தும் பச்சை

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே கடனீரேரியின் கரையை ஒட்டிக் கிடக்கிறது குருநகர். கரையூர் என்பது அதன் பழம்பெயர். யாகப்பர் ஆலயத்து மணியோசையும் வலை உலரும் மணமும் கலந்த அவ்வூரில், கடற்றொழிலுக்குப் போகும் இளைஞன் ஒருவன் தன் முன்கையில் பச்சை குத்திக்கொள்ள விரும்புகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். நங்கூரமோ சிலுவையோ என்றால் கேள்வியே இல்லை. இரண்டும் கடலோடிக்கு உரியவை. இவன் ஆசையோ வேறு. கடைகளிலே தொங்கும் பலகையைப் போல, "இன்று காசு, நாளை கடன்" என்று எழுதுவிக்க வேண்டுமாம். கைமாற்றுக் கேட்டு வரும் தோழர்களுக்கு வாய் திறவாமலே விடை சொல்லிவிடலாம் அன்றோ! தோழர்கள் சிரிப்பார்கள். ஆச்சி மட்டும், "உது பிறகு அழியாதெல்லே மோனை?" என்று கேட்பாள்.

ஆச்சியின் கேள்வி மிகப் பழையது. தமிழகத்திலே ஊரூராகத் திரிந்து பச்சை குத்திய குறத்தியர் இக்கேள்விக்கு இடம் வைத்ததில்லை. அழியாமை ஒன்றே அவர்கள் விற்ற சரக்கின் பெருமை. சென்னை அரும்பொருட்காட்சிச் சாலையின் தலைவராயிருந்த எட்வர்ட் தர்ஸ்டன், அவர்கள் மை கூட்டிய முறையைத் தம் நூல்களிலே குறித்திருக்கிறார். மஞ்சளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, அதனைத் துணியில் வைத்துத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த புதுப்பானையிற் படியும் கரியே மை. அதைத் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்து, சேர்த்துக் கட்டிய ஊசிகளாற் குத்துவார்கள். கரியின் நிறம் கறுப்பு; தோலுக்குள் சென்றதும் அது பசுமை கலந்த நீலமாய்த் தோன்றும். 'பச்சை' என்ற பெயரும் அதனாலேயே பொருந்திற்று. சிங்களத்திலும் இத்தொழிலுக்குப் 'பச்ச' என்ற சொல்லே வழங்குகிறது.

நோவு மிக்க அவ்வேலைக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் கோலமும் தேளும் குத்திக்கொண்டார்கள். பகிடி பெரும்பாலும் கடல்வழியே வந்தது எனலாம். 1769இல் ஜேம்ஸ் குக்கின் கப்பல் தஹித்தித் தீவை அடைந்தது. அத்தீவார் சொன்ன 'டாடாவ்' என்ற சொல்லே பின்பு ஆங்கிலத்தில் 'டாட்டூ' என்றாயிற்று. அதன்பின் மேனாட்டு மாலுமிகள் இக்கலையைத் தமதாக்கிக்கொண்டார்கள். ஒரு பாதத்திலே பன்றியும் மறு பாதத்திலே சேவலும் குத்திக்கொள்வது அவர்களிடையே வழக்கமாயிற்று. பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் கப்பல் உடையும்போது பன்றியும் கோழியும் அடைத்த மரக்கூடுகள் மிதந்து கரை சேரும்; ஆதலின் அவ்வுருவங்களைத் தாங்கியவனும் மூழ்கான் என்பது நம்பிக்கை. நீந்தத் தெரியாத மாலுமிகள் பலர் இருந்த காலம் அது. அந்தப் பகிடிக்குள்ளே எவ்வளவு அச்சம் அடங்கியிருந்தது!

தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூல் தொகுதியில், அக்காலத்தில் யூரேசியர் எனப்பட்டோரின் கைகளிலும் மார்பிலும் கண்ட உருவங்களுக்கு நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. நங்கூரம், வண்ணத்துப்பூச்சி, நடனமாது, குடை பிடித்த பர்மியப் பெண் எனச் செல்கிறது அது. வேடிக்கையும் ஆசையும் நாட்டுப்பற்றும் ஒரே தோலில் நெருக்கியடித்துக் கிடந்திருக்கின்றன. 1891இல் நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஓரைலி மின்னாற் குத்தும் பொறிக்குக் காப்புரிமை பெற்றபின் நோவும் நேரமும் குறைந்தன. ஒரு மாலைப் பொழுதின் குறும்புக்குக்கூட உடம்பைக் கொடுக்கலாம் என்ற நிலை அதன்பிறகே வந்தது.

விருப்பமின்றிப் பச்சை சுமந்தவர்களும் உண்டு. வங்காளத்திலே 1797ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆயுட்கைதிகளின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தின் பெயரைக் குத்தினார்கள். 1849இல் அவ்வழக்கம் ஒழிந்தது. நெற்றியெழுத்தை மறைக்கத் தலைப்பாகையைக் கீழிறக்கிக் கட்டினார்களாம் அம்மனிதர்கள். தன் கையைத் தானே நீட்டிக் கொடுப்பவன் அவர்களை ஒருகணம் நினைப்பது தகும்.

பச்சையைப் படிப்பவன் அதைக் குத்திக்கொண்டவனது மனத்தைப் படிப்பதில்லை. 2014இல் கட்டுநாயக்க விமான நிலையத்தில், கையிலே புத்தர் உருவம் குத்தியிருந்த பிரித்தானியப் பெண்மணி ஒருவரைத் தடுத்துவைத்து நாடு கடத்தினார்கள். அவரோ பௌத்த நெறியிற் பற்றுடையவர். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்து, எட்டு இலட்சம் ரூபா வழங்கப் பணித்தது. பக்தியே அவமதிப்பாகத் தோன்றுமிடத்தில், பகிடி எப்படியெல்லாம் தோன்றாது?

அழியாமையின் காரணமும் இப்போது தெளிவாகியுள்ளது. தோலிலுள்ள விழுங்கணுக்கள் மைத்துகளை விழுங்கி வைத்திருக்கின்றன. அவை இறக்கும்போது வெளிப்படும் மையைப் புதிய அணுக்கள் உடனே பற்றிக்கொள்கின்றன. பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளிடத்தில் இதைக் கண்டு 2018இல் வெளியிட்டார்கள். லேசர் ஒளியால் மையை உடைத்து நீக்கும் வழி இருக்கிறது. ஆனால் பலமுறை போகவேண்டும், செலவும் மிகும். கறுப்பு எளிதிற் போகும். பச்சையும் மஞ்சளும் பிடிவாதம் செய்யும்.

ஆச்சியிடம் இதற்கும் மருந்துண்டு. முற்றத்து மருதோன்றியை அரைத்து அவ்வாசகத்தை முதலிற் கையில் எழுதிப் பார்க்கச் சொல்வாள். மருதோன்றிச் சிவப்பு இரண்டு கிழமை நிற்கும். அதற்குள் தோழர் சிரிப்பு முந்தி மங்குகிறதா, நிறம் முந்தி மங்குகிறதா என்று தெரிந்துவிடும். தொழில் குறையும் மாதங்கள் வரும்போது சம்மாட்டியிடம் முற்பணம் கேட்க நீளப்போவதும் அதே கைதான். அவரும் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்.