எலும்பாக்கும் புரதமும் அதைத் தாங்கும் பொருளும்

1889-ஆம் ஆண்டில் அமெரிக்க சஸ்திர சிகிச்சை நிபுணர் நிக்கலஸ் சென், சீழ் பிடித்துக் குடைந்துபோன எலும்புகளின் குழிகளை அடைக்கும் பொருட்டு, மாட்டெலும்பின் சுண்ணச் சத்தை அமிலத்தில் கரைத்து நீக்கி, எஞ்சிய மென்மையான பொருளில் அயோடோபார்மை ஏற்றி உள்ளே வைத்தபோது, அந்த எலும்புத் துண்டைக் கிருமிநாசினி தங்கியிருப்பதற்கு ஏற்ற ஒரு கொள்கலமாகவே பிரதானமாகக் கருதினார். ஆனால் குழிகள் புது எலும்பால் நிரம்பின. சுமக்கப்பட்ட மருந்தைக் காட்டிலும் சுமந்த பொருளே விந்தை புரிந்தது என்பதை அறிந்துகொள்ள வைத்திய உலகத்துக்கு முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

அதை நிரூபித்தவர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எலும்பு வைத்தியராயிருந்த மார்ஷல் யூரிஸ்ட். சுண்ணம் நீக்கிய எலும்பை அவர் எலும்போடு சம்பந்தமே இல்லாத தசையினுள் பதித்துப் பார்த்தார். அங்கும் எலும்பு முளைத்தது. 1965-இல் வெளியான இந்தப் பரிசோதனையின் மகத்துவம், எலும்பு வளர்வதற்கு எலும்பின் அண்மை அவசியமில்லை, அதனுள் உறங்கும் ஏதோ ஒரு தூண்டுபொருளே போதும் என்று காட்டியதில் இருக்கிறது. 1971-இல் அப்பொருளுக்கு எலும்பாக்கும் புரதம் என்ற பெயரும் அமைந்தது. பெயர் அமைந்ததே தவிர, பொருள் கைக்கு அகப்படவில்லை. எலும்பின் கட்டமைப்போடு அது அத்தனை இறுகப் பிணைந்திருந்தது.

அந்தப் பிணைப்பை அவிழ்க்கும் முயற்சியில்தான், என் கருத்தில், இச்சரித்திரத்தின் மிக முக்கியமான அத்தியாயம் எழுதப்பட்டது. இந்தியாவிலிருந்து சென்ற ஹரி ரெட்டி, 1972-இல் சார்லஸ் ஹக்கின்ஸுடன் சேர்ந்து, எலியின் தோலுக்கடியில் இட்ட எலும்புத் தூள் முதலில் குருத்தெலும்பையும், பின்னர் எலும்பையும், மூன்று வாரத்துக்குள் மஜ்ஜையையும் வரிசை பிறழாமல் தோற்றுவிப்பதை விவரித்திருந்தார். 1981-இல் அவரும் குபேர் சம்பத்தும் அத்தூளைக் குவானிடின் கரைசலில் ஊறவைத்து, கரைந்து வந்த புரதங்களை ஒருபுறமும் கரையாது நின்ற கொலாஜன் சக்கையை மறுபுறமும் பிரித்தனர். புரதங்களை மட்டும் உடலில் வைத்தால் எலும்பு உண்டாகவில்லை. சக்கையை மட்டும் வைத்தாலும் உண்டாகவில்லை. இரண்டையும் மீண்டும் சேர்த்து வைத்தபோதே உண்டாயிற்று. ஆணையிடும் புரதத்துக்கு அது அமர்ந்து பணிபுரிய ஓர் ஆசனமும் வேண்டும் என்ற உண்மையை இதைவிட எளிமையாகக் காட்ட முடியாது.

1988-இல் ஜான் வோஸ்னியின் குழுவினர் இப்புரதங்களுக்குரிய ஜீன்களைப் பிரித்தெடுத்தனர். ஒரு கிலோ எலும்பில் மைக்ரோகிராம் கணக்கில் மட்டுமே இருக்கும் பொருளை, அதன்பின் வளர்ப்பு உயிரணுக்களைக் கொண்டு வேண்டிய மட்டும் தயாரிக்க முடிந்தது. 2002-இல், முதுகின் கீழ்ப்பகுதியில் முள்ளெலும்புகளை இணைக்கும் சிகிச்சைக்காக, இரண்டாம் எண் எலும்பாக்கும் புரதத்தை மாட்டுக் கொலாஜன் பஞ்சில் நனைத்து வைக்க அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. நோயாளியின் இடுப்பெலும்பையே வெட்டியெடுத்து ஒட்டுவதால் நேரும் இரண்டாவது புண்ணும் அதன் நீங்காத வலியும் இனி இல்லை என்ற நம்பிக்கை பிறந்தது.

ஆனால் 1981-இன் பாடத்தில் பாதியே கைக்கொள்ளப்பட்டது. ஆசனம் இருந்தது, பிடிப்பு இல்லை. பஞ்சில் ஊறிய புரதத்தின் பெரும்பகுதி சில தினங்களிலேயே கசிந்து வெளியேறிவிடுவதால், அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற செறிவில், பெரிய பொதியொன்றில் 12 மில்லிகிராம் வரையில், இயற்கை கனவிலும் காணாத அளவு பிரயோகிக்கப்பட்டது. கழுத்தெலும்புச் சிகிச்சையில் தொண்டை வீங்கி மூச்சுத் திணறிய சம்பவங்களைக் குறித்து 2008-இல் அரசு எச்சரிக்கை விடுத்தது. வேண்டாத இடங்களில் எலும்பு வளர்ந்த செய்திகளும் வந்தன. 2013-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஏற்பாட்டில் நோயாளிகளின் விவரங்களைத் தனித்தனியே ஆராய்ந்த இரு குழுக்கள், இடுப்பெலும்பு ஒட்டைக் காட்டிலும் இப்புரதத்துக்குக் குறிப்பிடத்தக்க மேன்மை இல்லை என்று கண்டன. இந்தத் துன்பங்களுக்குப் புரதத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. தாங்கும் பொருளின் குறையை அளவைக் கூட்டி மறைக்க முயன்றதே மூலகாரணம் என்று நான் கருதுகிறேன்.

தாங்கும் பொருளைத் திருத்தும் வேலை இதற்கிடையே வேறு சில ஆய்வுக்கூடங்களில் நடந்துகொண்டிருந்தது. 2001-இல் டேவிட் மூனியின் குழு, இரத்தக் குழாய்களை வளர்க்கும் இருவேறு காரணிகளை ஒரே பாலிமரிலிருந்து வெவ்வேறு வேகத்தில் வெளிவரச் செய்தது. 2003-இல் ஜெஃப்ரி ஹப்பலும் சகாக்களும், புண்ணுக்குள் நுழையும் உயிரணுக்களே தம் நொதிகளால் அரித்து வழியமைத்துக்கொண்டு முன்னேறும்படியான செயற்கைக் கூழ் ஒன்றைச் சமைத்து, அரிக்க அரிக்க அதனுள் பொதிந்த புரதம் கிடைக்குமாறு செய்தனர். 2014-இல் மார்ட்டினோவும் ஹப்பலும் நச்சுக்கொடியில் காணப்படும் ஒரு வளர்ச்சிக் காரணியை ஆராய்ந்து, உடலின் இழைப்பொருள்களை அது விடாது பற்றிக்கொள்வதற்குக் காரணமான சிறு பகுதியைக் கண்டெடுத்து, அப்பகுதியை எலும்பாக்கும் புரதத்தின் நுனியில் இணைத்தார்கள். அவ்வாறு பிடிமானம் பெற்ற புரதம், சொற்ப அளவிலேயே, எலியின் மண்டையோட்டில் இட்ட துளையைப் புது எலும்பால் மூடத் தொடங்கியது.